போடு, போடாத

அம்பாசிடர் காரில் வாட்டர் பம்ப் மாற்றுவது கஷ்டமான வேலை இல்லை. ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் கழற்றி, ரேடியேட்டரைத் தூக்கி வெளியே வைத்தால் எதிரே ஃபேன் தெரியும். டைனமோ போல்ட்டைத் தளர்த்தினால் பெல்ட் கையோடு வந்துவிடும். ஃபேனையும் புல்லியையும் எடுத்தால் பின்னால் பம்ப். அதற்கு நான்கு போல்ட். பழைய கேஸ்கெட் தாளைச் சுரண்டிவிட்டுப் புதியதை ஒட்டி, கழற்றியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிக்கொண்டு வரவேண்டியதுதான். கைப்பழக்கம் உள்ளவன் காலையில் ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடுவான். பழக்கம் இல்லாதவர்களும், பொறுமை இருந்தால், வீட்டு வாசலில் வைத்தே செய்துவிடலாம். அப்படிச் செய்தவர்கள் பலர். அவர்களில் ஒருவருக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு வந்தால் நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

ஷெட்டுக்கு வந்த அம்மா

தொண்ணூறுகளின் நடுவில் என் ஷெட் திருக்கழுக்குன்றத்தில் இருந்தது. அதற்கு முன் செங்கல்பட்டில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை. கல்யாணம் ஆன பிறகுதான் தனியாக வந்தேன். கடற்கரைப் பக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர் அப்போது பழைய அம்பாசிடரை வாங்கி வைத்திருந்தார்கள். அங்கே போர் தண்ணீர் உப்பு. அதையே ரேடியேட்டரிலும் ஊற்றுவார்கள். பம்புக்குள் துரு ஏறும், சீல் அரித்துப்போகும். எனக்குப் பாதிப் பிழைப்பு அந்தத் தண்ணீரால்தான் நடந்தது.

ஒரு நாள் காலையில் ஒரு அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஷெட்டுக்குள் வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பேச்சில் கோயம்புத்தூர்ப் பக்கத்து இழுவை. வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கிறது, அதை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார். ரிப்பேரா என்று கேட்டேன். ரிப்பேர் வேண்டாம், பிரித்து விற்றாலும் சரி, எங்கே கொண்டுபோய்ப் போட்டாலும் சரி, வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் அது அங்கே நிற்கக்கூடாது என்றார். வண்டி யார் பேரில் இருக்கிறது என்று கேட்டேன். அவர் பேரில்தான் என்றார். அப்படியானால் அவரைக் கேட்காமல் நான் தொடக்கூடாதும்மா என்றேன்.

அவர் ஓரமாகக் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. கையில் இருந்த கர்ச்சீப்பை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்.

"அந்த ஃபேனையாவது கழுவிக் குடுங்க. என்னால அந்த மூடியத் திறக்க முடியலீங்க."

அவர் பெயர் மரகதம். வீட்டுக்காரர் பெயர் சென்னியப்பன், ஆராய்ச்சி நிலையத்தில் டிராயிங் செக்‌ஷனில் டிராஃப்ட்ஸ்மேன். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். ஒரே மகன், கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். இதையெல்லாம் நான் கேட்டு அவர் சொன்னார். என்ன ஆயிற்று என்பதை மட்டும் நான் கேட்கவில்லை. அவரை பஸ்ஸில் அனுப்பிவிட்டு மொபெட்டில் பின்னாலேயே போனேன்.

வீடு சதுரங்கப்பட்டினம் போகிற வழியில், சவுக்குத் தோப்பை அழித்து மனை போட்ட இடத்தில் இருந்தது. பக்கத்து மனையில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே போர் தண்ணீர் இறைக்கிற கம்ப்ரசர் தடதடவென்று ஓடியது. இந்தப் பக்கம் போர்டிகோவில் வெள்ளை அம்பாசிடர். அதன் மூக்குக்குக் கீழே தரையைத் தேய்த்துக் கழுவி ஃபினாயில் ஊற்றியிருந்தார்கள். சிமென்டில் கறை முழுதாகப் போகவில்லை.

பானெட்டைத் திறந்தேன். நடந்தது நடந்தபடியே இருந்தது. ஃபேன் இறக்கையில், பெல்ட்டில், ரேடியேட்டரின் உள்பக்கத்தில் எல்லாம் கறுப்பாகக் காய்ந்துபோயிருந்தது. லாரிப் பட்டறையில் ஆக்சிடென்ட் வண்டிகள் நிறையப் பிரித்திருக்கிறேன். ரோட்டில் அடிபட்ட வண்டி வேறு. துணிக்கொடியில் புடவை காய்ந்துகொண்டிருக்கும் வீட்டு வாசலில் அதைப் பார்ப்பது வேறு. மண்ணெண்ணெயும் பழைய துணியும் கேட்டேன். மரகதம்மா கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். அதற்கு மேல் ஓர் அடி வரவில்லை.

நான் துடைத்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து இன்னொருவர் வந்தார். சென்னியப்பன் சாரின் அக்கா. தம்பிக்கு அடிபட்டதும் ஊரிலிருந்து வந்தவர். என்னிடம் பேசுவதுபோல் அவர் பேசினார், ஆனால் யாருக்காகப் பேசினார் என்பது தெரிந்தது.

"எந்தம்பி கை உள்ளார இருக்கறப்ப சாவியத் திருகுனவ இவதானுங்க. போடாத, போடாதன்னு அவன் கத்தியிருக்கறான். இவளுக்குக் காது அடைச்சுப்போச்சாமா."

துணியை அலசிவிட்டு வந்தேன். அதற்குள் மரகதம்மா உள்ளே போய்விட்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

பிற்பாடு இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்துப் பார்த்து நான் தெரிந்துகொண்டது இது.

சார் கைவேலையில் ஆசை உள்ளவர். வீட்டில் ஃபியூஸ் போனாலும், குழாய் ஒழுகினாலும் அவரே பார்ப்பார். வண்டியில் பம்ப் பேரிங் கரகரத்தபோது மெட்ராஸுக்குப் போய்ப் புதுப் பம்ப் வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்ற உட்கார்ந்தார். ஒழுங்காகத்தான் மாற்றினார். அவர் மாட்டிய பம்பை நான் பார்த்தேன். கேஸ்கெட் பிசகாமல் உட்கார்ந்திருந்தது, போல்ட் எல்லாம் ஒரே சீராக முறுக்கியிருந்தார். தண்ணீர் நிரப்பி, ஸ்டார்ட் செய்து பார்க்க மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. சாவி திருகவும் நிறுத்தவும் சார்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

அம்பாசிடர் பானெட்டைத் தூக்கினால் டிரைவர் சீட்டிலிருந்து முன்னால் நிற்கும் ஆள் தெரியமாட்டார். குரல் மட்டும்தான். அவர் "போடு" என்பார், அந்த அம்மா சாவியைத் திருகுவார். "நிறுத்து" என்பார், நிறுத்துவார். அப்படி ஓட்டிப் பார்த்ததில் பம்புக்கு அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெரிந்தது. புதுப் பம்ப் சீல் ஒழுகுகிறதோ என்று அவருக்குச் சந்தேகம். நிறுத்தச் சொன்னார். ஃபேன் நின்றதும் இறக்கைக்கு இடையில் கையை விட்டு, பம்பின் அடியில், சீல் போனால் தண்ணீர் கசிகிற சிறு துவாரம் ஈரமாக இருக்கிறதா என்று விரலால் தடவினார். அப்போது ஏதோ சொன்னார்.

அவர் சொன்னது "போடாத, இரு". மரகதம்மா காதில் விழுந்தது "போடு".

என்ஜின் சூடாக இருந்ததால் சாவியைத் தொட்டதும் பிடித்துக்கொண்டது. ஆள்காட்டி விரலும் நடு விரலும் அங்கேயே போய்விட்டன. மோதிர விரலை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். வரைகிற கை.

அவர் கத்தியதைக் கேட்டதும் நிறுத்திவிட்டு ஓடினேன் என்று மரகதம்மா சொன்னார். ஆஸ்பத்திரி போகிற வழி முழுக்க சார் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாராம். போடாதன்னு சொன்னேனே, போடாதன்னு சொன்னேனே என்று. அதன் பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டார். மனைவியோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். மாத்திரை வேண்டுமா என்றால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். அக்கா போன் பூத்திலிருந்து மகனுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவன் அடுத்த நாள் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து அம்மாவைக் கூப்பிடச் சொல்லி, ஏம்மா அவசரப்பட்டே என்று கேட்டானாம். இதைச் சொல்லும்போதுதான் அந்த அம்மாவுக்குக் குரல் உடைந்தது.

"எனக்குப் போடுன்னுதானுங்க கேட்டுச்சு. யாரு கேட்டாலும் நான் அதைத்தான் சொல்லுவேன்" என்றார்.

சார் கூப்பிட்டனுப்பியது

கையில் பெரிய கட்டோடு சென்னியப்பன் சார் வீடு வந்த பிறகு எனக்கு ஆள் அனுப்பினார். வண்டியை விற்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் போர்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்த ஆள், சவரம் செய்யாத முகம். வேலையை முடித்துக் கொடுங்கள் என்றார்.

"அந்தச் சீல் எதுக்கு ஒழுகுதுன்னு பாருங்க தணிகாசலம். நான் எல்லாம் சரியாத்தான் மாட்டுனேன். எனக்கு அது தெரியோணும்."

மரகதம்மா அதற்குள் ஊருக்குப் போகத் துணி எடுத்து வைத்துவிட்டிருந்தார். அம்மா வீட்டுக்கு. அக்கா தம்பியைத் தன்னோடு கோபிக்கு அழைத்துக்கொண்டு போவதாகவும், பெரியவர்களை வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்றும் ஏற்பாடாம். ஒரே வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் ஆளுக்கு ஒரு தடவை டீ வந்தது.

நான் ரேடியேட்டரில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி நிரப்பினேன். சாவியை நானே போட்டு, என்ஜினை ஓடவிட்டு, இறங்கிவந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பம்பின் துவாரம் காய்ந்துகிடந்தது. பம்புக்கு மேலே, ஹெட்டிலிருந்து ரேடியேட்டருக்கு வருகிற மேல் ஹோஸில், கிளிப் ஒன்று பழசாகி நெளிந்திருந்தது. ரேடியேட்டரைத் திரும்ப மாட்டும்போது புதுக் கிளிப் போடாமல் பழையதையே முறுக்கியிருக்கிறார். எல்லாரும் செய்வதுதான். அந்த இடுக்கிலிருந்து கசிந்த தண்ணீர் பம்பின் உடம்பு வழியே இறங்கி, அடியில் வந்து சொட்டியது. கீழேயிருந்து பார்த்தால் பம்ப் ஒழுகுகிற மாதிரிதான் தெரியும். நானாக இருந்தாலும் முதலில் பம்பைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

நிறுத்திவிட்டு அதைச் சொன்னேன். அவர் எழுந்து வந்து பார்த்தார். இடது கை விரலால் கிளிப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப பம்ப்புல ஒண்ணுமே இல்லீங்களா?"

"இல்ல சார். உன் பம்ப் நல்லாகீது. கிளிப்புதான்."

ஒரு கிளிப்பு என்று அவர் தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். நான் என் பையிலிருந்து ஒரு கிளிப் எடுத்து மாட்டினேன். அந்தச் சின்னச் சாமானைத் திருப்புளியால் முறுக்கும்போது யாரையும் நிமிர்ந்து பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

வேலை முடிந்தது, கிளம்பலாம் என்று ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் கூப்பிட்டு வண்டியில் ஏறி உட்காரச் சொன்னார். எதற்கு என்று புரியவில்லை. நான் முன்னால் நின்று ஒன்று சொல்வேன், காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள் என்றார். பக்கத்து மனையில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கும் ஓடியதா என்று கேட்டேன். ஓடியது என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. முடியாது என்று சொல்லத் தோன்றியது. ஆனால் அந்த மனிதர் முகத்தைப் பார்த்தால், இதைச் செய்யாமல் அவரால் தூங்க முடியாது என்று தெரிந்தது. முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிக் கீழே போட்டேன். சாவியையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு ஏறி உட்கார்ந்தேன். தூக்கிய பானெட்டைத் தவிர எதிரே எதுவும் தெரியவில்லை. அக்கா வாசற்படியில் வந்து நின்றார். வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மரகதம்மா நிற்பது காரின் கண்ணாடியில் தெரிந்தது.

"போடாத" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. தெளிவாகத்தான் வந்தது. நானும் போடாத என்று திருப்பிச் சொன்னேன்.

அக்கா உடனே ஜன்னல் பக்கம் திரும்பி, கேட்டுச்சில்ல என்றார். மரகதம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் நான் இறங்கிப் போயிருந்தால் அவருடைய வாழ்க்கை அன்றைக்கே முடிவாகியிருக்கும். ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. கதவைத் திறந்து இறங்கி முன்னால் போனேன். சார் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். குரலைப் பானெட்டுக்கு மேலே தூக்கி விட்டிருந்தார்.

"அன்னிக்கும் இப்டிதான் நின்னுகினு சொன்னியா சார்? கை உள்ள இருந்தா இப்டி நிக்க முடியாதே" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு குனிந்தார். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இடது தோளை ரேடியேட்டர் மேல் சாய்த்து, தலையை உள்ளே விட்டார். பம்பின் அடியைத் தடவுகிறவன் அப்படித்தான் இருக்கமுடியும். முகம் என்ஜினைப் பார்க்கும். வாய் ஃபேனுக்கு எதிரே இருக்கும்.

நான் திரும்பப் போய் உட்கார்ந்தேன். கம்ப்ரசர் சத்தத்துக்குள்ளே ஒரு சொல் வந்தது. போடு என்று கேட்டது. போடு என்று சொன்னேன். கொஞ்சம் விட்டு மறுபடி வந்தது. அதுவும் போடு. இன்னொரு தடவை. அதுவும் அதேதான். சொல்லின் வால் என் வரைக்கும் வரவே இல்லை.

அவர் பானெட்டைச் சுற்றிக்கொண்டு என் பக்க ஜன்னலுக்கு வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"எல்லாத் தடவையும் போடாதன்னுதான் சொன்னனுங்க" என்றார்.

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். போதும் என்று அவர் கையைக் காட்டினார், கட்டுப் போட்ட கையை. பிறகு வீட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அவர் மனைவியோடு பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

"மரகதம். நீ சரியாத்தான் கேட்டிருக்கறே."

மரகதம்மா வெளியே வருவார், அழுவார் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. கம்பிக்குப் பின்னாலிருந்தே கேட்டார்.

"இதை நம்பறதுக்கு ஒரு மெக்கானிக் வந்து சொல்லோணுமாங்க உங்களுக்கு?"

சார் தலையைக் குனிந்துகொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நான் பேட்டரி ஒயரை மாட்டினேன். என்ஜினைச் சூடாகும் வரை ஓடவிட்டு, ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை என்று பார்த்துவிட்டு, சாவியை அவர் மடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு

மரகதம்மா ஊருக்குப் போகவில்லை. அக்கா மட்டும் போனார். சாருக்கு ஆபீஸில் டிராயிங் வேலை போய், ரிக்கார்டு ரூமில் உட்காரவைத்தார்கள். கட்டை விரலையும் சுண்டு விரலையும் வைத்துக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்க வராது. கார் போர்டிகோவிலேயே நின்றது. பிறகு மாமல்லபுரத்தில் டாக்ஸி ஓட்டுகிற ஒருவருக்கு நானே கைமாற்றிவிட்டேன். வண்டியை வெளியே எடுத்த அன்று மரகதம்மா கேட் வரை வந்து, அது மெயின் ரோடு திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பம்ப் நெடுநாள் நன்றாக ஓடியது.

அவர்களை நான் மறந்தேபோயிருந்தேன். ஈ.சி.ஆர். பெரிதாகி, டோல் எல்லாம் வந்த பிறகு, ஒரு டூரிஸ்ட் வேன் திருவிடந்தைக் கோயில் வாசலில் ஹோஸ் வெடித்து நிற்கிறது என்று போன் வந்து போனேன். வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. மரகதம்மா. முடி பாதி நரைத்துவிட்டது. மகனுக்குப் பெண் அமையவில்லை, வேண்டிக்கொள்ள வந்தோம், அவனும் அவரும் உள்ளே பிரகாரம் சுற்றுகிறார்கள் என்றார். சொல்லிவிட்டு நின்றார். போகவில்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"அன்னைக்கு அவரு குனிஞ்சு சொன்னப்ப உங்களுக்குப் போடுன்னு கேட்டுச்சுன்னீங்களே. அது நெசந்தானுங்களா? இல்ல, என்னையப் பாத்துப் பாவப்பட்டுச் சொன்னீங்களா?"

இத்தனை வருஷம் கழித்து இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. சத்தியமாக அப்படித்தான் கேட்டது என்று சொன்னேன். ஏன் கேட்கிறீர்கள் என்றேன். அவர் கோயில் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார். கோபம் வந்தால் வீட்டுக்காரர் அதைச் சொல்லிக்காட்டுகிறாராம். அந்த மெக்கானிக் உனக்காகத்தான் பொய் சொன்னான், நானும் ஏமாந்து ஒத்துக்கொண்டேன் என்பாராம். அடிக்கடி இல்லை, எப்போதாவதுதான். ஆனால் கேட்டுக் கேட்டு, இப்போது தனக்கே சந்தேகம் வருகிறது என்றார். அன்றைக்கு அவர் போடாத என்று சொன்னது ஒருவேளை தன் காதில் விழுந்திருக்குமோ, விழுந்தும் கை திருகிவிட்டதோ என்று ராத்திரியில் படுத்துக்கொண்டு யோசிக்கிறாராம்.

சார் வெளியே வந்தார். மகன் கழுத்தில் மாலையோடு செருப்பு விட்ட இடத்துக்குப் போனான். சாருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. வலது கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு, இடது கையைத் தூக்கி வணக்கம் சொன்னார். மரகதம்மா தேங்காய்ப் பையை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார். நான் சாரிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அன்றைக்கு நான் சொன்னது பொய் இல்லை சார், எனக்கு அப்படித்தான் கேட்டது, அந்த அம்மாவை விட்டுவிடுங்கள் என்றேன்.

அவர் கோபப்படவில்லை.

"தெரியுமுங்க தணிகாசலம். அன்னைக்கே தெரியும். ஆனா காத்தால சட்டப் பொத்தான் போடக் கையத் தூக்கறப்ப எல்லாம் யாரையாச்சும் வையோணும்னு இருக்குது. பக்கத்துல அவதான் நிக்கறா. அவதான் போட்டுவுடறா."

மகன் கூப்பிட்டான். மூன்று பேரும் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்கள். மகனும் அவரும் முன்னால், மரகதம்மா பின்னால்.

என் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. இந்த விபத்துக்குப் பிறகு வைத்தது. யாருடைய கை என்ஜினுக்குள் போகிறதோ, சாவி அவன் பையில் இருக்கவேண்டும். கையை வெளியே எடுத்துச் சாவியைக் கொடுத்தால்தான் இன்னொருவன் ஸ்டார்ட் செய்யலாம். சொல்லி, கேட்டுச் செய்கிற வேலை கிடையாது. நேரம் போகிறது என்று சில பேர் முணுமுணுத்தார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன். விரலுக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். திருவிடந்தையில் அந்த அம்மாவைப் பார்த்த பிறகு வேறு மாதிரி நினைக்கிறேன். காரில் உட்கார்ந்து நான் கேட்டுச் சொன்னதோடு அந்த வீட்டில் எல்லாம் தீர்ந்தது என்று நம்பியிருந்தேன். ஒன்றும் தீரவில்லை. யார் சொன்னது சரி, யார் கேட்டது சரி என்று பிற்பாடு தெரிந்துகொண்டு யாருக்கும் பிரயோஜனம் இல்லை.